நோரீன் கடிவாளத்தை விட்ட கதை

ஞாயிற்றுக்கிழமை குதிரையை ஏற்றிப்போக டிரெய்லர் வண்டி வரும் என்று நோரீனின் புருஷன் டெல்பர்ட் சொல்லிவிட்டான். சொன்னது காலைச் சாப்பாட்டு நேரத்தில், வாய் நிறைய முட்டையை வைத்துக்கொண்டு. வீட்டுக் குதிரையை விற்கிற சேதியை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அந்த மனிதனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ!

"ஹேசல் போறா. மலைக்குப் போகாத குதிரைக்குக் குளிர்காலம் பூரா என்னால புல்லுக்கட்டு போட முடியாது."

நோரீன் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தாள். இடது கையால் வைத்ததால் பாதி சிந்திவிட்டது.

"மலைக்குப் போகாதுன்னு யார் சொன்னா?"

"நான் சொல்லல, அவளே சொல்றா. இந்தக் கோடையில எத்தன தடவ கூட்டிட்டுப் போன? ஒவ்வொரு தடவையும் ஓடைகிட்ட வந்ததும் நாலு காலையும் ஊனிக்கிட்டு நிக்கல? மேல உக்காந்திருந்தது நீதானே?"

நின்றது நிஜம். அவள் குதிகாலால் உதைத்ததும், கெஞ்சியதும், கடைசியில் இறங்கி அழுததும் நிஜம்.

கீழே ஊரில் நடக்கும் ஏலச் சந்தையில் ஏறி ஓட்ட ஆளில்லாத குதிரை எந்த லாரியில் ஏறும், எந்த எல்லையைத் தாண்டும், அந்தப் பக்கம் கசாப்புக் கூடத்தில் அதற்கு என்ன ஆகும் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நோரீனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தின் இந்த மூலையில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். மூக்கிலிருந்து வழிவது உதட்டுக்கு வருமுன் உறைந்துபோகிற குளிரிலும் அவள் பேருந்து தாமதமாக வந்ததில்லை. பின் இருக்கையில் பையன்கள் அடித்துக்கொண்டால் திட்டமாட்டாள், கத்தமாட்டாள். வண்டியை ஓரமாக நிறுத்துவாள், இருக்கைக்கு அடியிலிருந்து செய்தித்தாளை எடுத்து விளம்பரம் உட்பட வாசிப்பாள். சண்டை நின்றால்தான் வண்டி கிளம்பும். ஒரு தடவை இரண்டு அண்ணன் தம்பிகள் சமாதானமாக மதியமாகிவிட்டது. தலைமையாசிரியர் வந்து கேட்டதற்கு, "நான் ஓட்டத் தயார். அவங்கதான் இன்னும் தயாராகல" என்றாளாம். அவள் பிடி உடும்புப்பிடி. டெல்பர்ட்டும் லேசுப்பட்டவன் இல்லை. இரண்டு பிடிவாதங்கள் ஒரே கூரைக்கு அடியில் இத்தனை வருஷம் எப்படிக் குடித்தனம் நடத்தின என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

போன இலையுதிர் காலத்தில்தான் அந்தக் கரடிச் சம்பவம் நடந்தது.

எல்க் மானைச் சாயங்காலம் சுட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. துப்பாக்கிச் சத்தம் மலையில் கிரிஸ்லிக் கரடிகளுக்குச் சாப்பாட்டு மணி. ஆனாலும் நல்ல கொம்பன் மான் எதிரில் நின்றால் எவனுக்குக் கை சும்மா இருக்கிறது? டெல்பர்ட் சுட்டான். இருட்டுவதற்குள் பாதிக் கறியைத்தான் இறக்க முடிந்தது. மீதியை எடுக்க மறுநாள் காலையில் திரும்பப் போனார்கள். குதிரைகளைக் கீழே கட்டிவிட்டு, "அந்த வளைவு வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று நோரீன் முன்னால் நடந்தாள். மீதிக் கறியைக் கரடி மண்ணும் புல்லும் போட்டு மூடிவைத்த மேட்டை அவள் பார்த்தபோது, மேட்டுக்கு மறுபக்கம் படுத்திருந்ததும் அவளைப் பார்த்துவிட்டது.

டெல்பர்ட் ஓடி வந்து மிளகாய்த் தெளிப்பை அடித்து விரட்டுவதற்குள் அது அவள் தலையை ஒரு தடவையும் இடது முழங்கையை ஒரு தடவையும் கடித்துவிட்டிருந்தது. ஹேசல் கட்டை அறுத்துக்கொண்டு வீட்டுக்கே ஓடிவிட்டது. குதிரை வேறென்ன செய்யும்? கம்பு எடுத்துச் சண்டைக்கா வரும்? ஆனால் டெல்பர்ட் அதை மன்னிக்கவில்லை. "உன்ன விட்டுட்டு ஓடின கழுத" என்றுதான் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தும் சொன்னான்.

தலையில் தையல், கையில் இரும்புத் தகடு. முடி வளர்ந்தது, எலும்பு சேர்ந்தது, விரல்களுக்கு மட்டும் பாதி உணர்ச்சிதான் திரும்பியது. பேருந்தில் குழந்தைகள் தழும்பைக் காட்டச் சொல்லி நச்சரித்தார்கள். "யார் வாரம் பூரா வாலாட்டாம வராங்களோ அவங்களுக்கு வெள்ளிக்கிழமை காட்டுவேன்" என்றாள். அந்தப் பருவம் முழுக்க பேருந்தில் கோயில் மாதிரி அமைதி.

இப்போது சமையலறை மேசைக்கு வருவோம்.

"வேட்டை உரிமம் என் பேர்ல இருக்கு" என்றாள் நோரீன். "வியாழக்கிழமை கஸ் கூட மேல போறோம். ஹேசல் மேலதான் போவேன். அவ போயிட்டுத் திரும்பி வந்துட்டா?"

"வந்துட்டா டிரெய்லர் சும்மா திரும்பிப் போகும். எங்கயாவது நின்னா, பேச்சு பேச்சுதான்."

"பேச்சு பேச்சுதான்" என்றாள் அவள்.

பக்கத்துப் பண்ணை கஸ் டாலிவர் வருஷா வருஷம் இவர்களோடு வேட்டைக்கு வருகிறவர். முட்டி இரண்டும் போய்விட்டது, நாக்கு மட்டும் இன்னும் இருபது வயதில் இருக்கிறது. கிளம்பிய காலையில் இரண்டு கோவேறு கழுதைகள் மேல் கூடாரத்தையும் பீன்ஸ் மூட்டையையும் கட்டும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் டெல், உன் வீட்ல குதிரை நின்னா வித்துடுவியாமே? நானும் ஒவ்வொரு மேட்லயும் நின்னு மூச்சு வாங்குறேன். எனக்கும் ஏதாவது ஏற்பாடு பண்ணியிருக்கியா?"

"யோவ், உன்ன ஏலத்துல எவன்யா எடுப்பான்?"

"அது சரி. பல்லைப் பாத்ததுமே ஓடிருவான்."

நோரீன் சிரிக்கவில்லை. சேணத்தின் வாரை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். ஹேசல் திரும்பி அவள் தொப்பியை மோந்து பார்த்தது.

மதியம் வரை ஒரு குறையும் இல்லை. ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் பிடித்து நின்றன, பாதை காய்ந்து கிடந்தது. ஹேசல் காதை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, உற்சாகமாகத்தான் நடந்தது. ஓடை வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஊசியிலைக் காடு சுவர் மாதிரி கறுப்பாக எழுந்து நின்றது. அந்தக் காட்டுக்குள்தான் அந்த வளைவு.

ஹேசல் நின்றது.

நோரீன் உதைத்தாள். நகரவில்லை. "போம்மா, போ என் தங்கமே" என்றாள். குதிரை தலையை உயர்த்தி, வாயைத் திறந்து, பின்னால் இரண்டடி வைத்தது. மறுபடி உதைத்தாள். இன்னும் இரண்டடி பின்னால். நோரீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆத்திரமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

டெல்பர்ட் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் குதிரையிலிருந்து இறங்கி வந்தான்.

"எறங்கு. என்னோடதுல ஏறிக்க. இந்தக் கழுதையோட நான் மல்லுக்கட்டறேன்."

அவன் ஏறினான். சண்டைக்குத் தயாராகத் தொப்பியை இறக்கிக்கொண்டான், உள்ளங்கையில் எச்சில் துப்பிக்கொண்டான். குதிகாலைத் தொட்டான், அவ்வளவுதான்.

ஹேசல் ஓடைக்குள் இறங்கி, தண்ணீரில் ஒரு வாய் குடித்து, அக்கரை ஏறி, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிற மாதரசி மாதிரி காட்டுக்குள் நடந்து போய்விட்டது.

கஸ் வாயைத் திறந்தார், நோரீன் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். டெல்பர்ட் காட்டோரத்தில் திரும்பி நின்று, உலகத்தில் வேறு எந்தப் புருஷனும் சொல்ல மாட்டாத வார்த்தையைச் சொன்னான்.

"இவ நிக்கலையே, நோரீன்."

"எனக்குக் கண்ணு இருக்கு!"

கூடாரம் போட்டு, சாப்பாட்டு மூட்டைகளைக் கரடிக்கு எட்டாத உயரத்தில் மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டு, பீன்ஸைச் சூடாக்கிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நோரீன் தட்டைக் கீழே வைத்தாள்.

"கஸ், நீ பின்னாலதானே வந்த. நான் என்ன பண்ணேன்?"

கஸ் ரொட்டியைப் பீன்ஸ் சாற்றில் தோய்த்தபடி யோசித்தார். கிண்டல் பண்ணுகிற முகம் இல்லை இப்போது.

"உன் இடது கை. ஓடையைப் பாத்ததும் கடிவாள வாரைச் சுருட்டி நெஞ்சுவரைக்கும் இழுத்துக்கிச்சு. காலால போ போன்னு உதைக்கிற, கையால நில்லு நில்லுன்னு இழுக்கற. பாவம் அது யார் பேச்சைக் கேக்கும்?"

"நான் இழுக்கல."

"இழுத்த."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்காது" என்றார் கஸ். "அந்தக் கைக்குத்தான் பாதி உசிரு இல்லையே."

நோரீன் அந்தக் கையைத் தீ வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் தோல் வார் பதிந்த சிவப்புக் கோடு இருந்தது. கோடை முழுக்க அந்தக் கோடு இருந்திருக்க வேண்டும். வண்டி ஸ்டியரிங்கைப் பிடித்ததில் வந்தது என்று அவள் நினைத்திருக்கிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியை இத்தனை நாள் மற்றவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கம் காதுவரை சுட்டது.

"அப்ப ஹேசல் மேல தப்பில்ல" என்றாள் டெல்பர்ட்டைப் பார்த்து. "டிரெய்லர் வேண்டாம்."

டெல்பர்ட் தீயைக் கிளறிக்கொண்டிருந்தான். "கையில உணர்ச்சி இல்லாதவ இந்தக் காட்டுல குதிரை ஓட்டறது இன்னும் மோசம். பேச்சு மாறல. திரும்பிப் போகும்போது நீ ஓட்டு. அவ நின்னா, நின்னதுதான். யாரால நின்னான்னு விசாரணை வைக்க முடியாது."

"யோவ், இது என்னய்யா நியாயம்?" என்றார் கஸ். "காலையில குதிரை குத்தம், சாயங்காலம் கை குத்தம். நாளைக்கு என் முட்டி குத்தம்பியா?"

"உன்கிட்ட கேக்கல கஸ்."

நோரீன் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். அவன் மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம். தோற்க வைக்க வேண்டும் என்றே நிற்கிறான் இந்த ஆள், ஏன் என்று கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டான்.

மறுநாள் டெல்பர்ட் தூரத்தில் உள்ளதைக் காட்டும் துரப்பீனோடு மேல் புல்வெளியைப் பார்க்கப் போனான். நோரீன் ஹேசலை ஓடைக்கு இழுத்துப் போனாள். கஸ் ஒரு மரக்கட்டையில் முட்டியை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

கடிவாள வார்கள் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். முடிச்சைக் குதிரையின் கழுத்தில் விட்டாள். இடது கையைத் தொடைமேல் மல்லாத்தி வைத்தாள். வலது கையில் பிடரிமயிர் கொஞ்சம்.

"கையில்லாம எப்படித் திருப்புவ?" என்றார் கஸ்.

"முட்டியால. அவ சின்னப்புள்ளயா இருந்தப்ப நான்தானே பழக்கினேன்."

முதல் தடவை ஓடை விளிம்பில் ஹேசல் தயங்கியது. கைதான் சும்மா இருந்தது, தொடை இரண்டும் இடுக்கி மாதிரி இறுகியிருந்தது. "தொடை!" என்று கத்தினார் கஸ். தொடையைத் தளர்த்தினாள், மூச்சு நின்றுவிட்டது. "மூச்சு விடு! பேசு! ஏதாவது பேசிக்கிட்டே போ, பேசினா மூச்சு தானா வரும்."

என்ன பேசுவது? வாயில் வந்தது பேருந்து நிறுத்தங்கள்தான். தினமும் ஓட்டுகிற பாதை, உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். "பாலத்து முனை, மக்ரே வீட்டுப் பொண்ணுங்க. அப்புறம் பழைய தானியக் கொட்டகை. அப்புறம் க்ராஸ்லி பையன், எப்பவும் ஷூ கட்டாம வருவான்..." ஹேசலின் காதுகள் பின்னால் திரும்பி அவள் குரலைக் கேட்டன. தண்ணீருக்குள் இறங்கியது. அக்கரை ஏறியது.

காட்டின் நிழல் மேலே விழுந்ததும் நோரீன் பிடரிமயிரை இறுகப் பற்றினாள். அந்த வாசனை, ஈரப் பாசியும் பிசினும், போன வருஷத்து வாசனை. இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது. இறங்கவில்லை. திரும்பி வந்தாள், மறுபடி போனாள். ஒரு தடவை பாதி வழியில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு க்ராஸ்லி பையனிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"போதும் நோரீன்" என்றார் கஸ், மதியத்துக்கு மேல். "குதிரைக்கே போரடிச்சிருச்சு."

"போரடிக்கட்டும். அதுக்குத்தான் பண்றேன்."

பொழுது சாயும்போது ஹேசல் அந்த ஓடையைத் தன் வீட்டு வாசற்படி மாதிரி தாண்டிக்கொண்டிருந்தது. நோரீனின் பயம் போகவில்லை, அது உள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கையில் வந்தால் கையைப் பார்த்தாள், தொடைக்கு வந்தால் தொடையைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே மேல் புல்வெளியில் ஒரு கொம்பன் வந்து நின்றது. டெல்பர்ட் துரப்பீனைக் கொடுத்தான். நல்ல கொம்பு, நல்ல உடம்பு, சுடுகிற தூரம். நோரீன் பார்த்தாள், துரப்பீனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"காலையில."

"காலையில இருக்காது."

"இல்லன்னா இல்ல. சாயங்காலம் சுட மாட்டேன்."

விடிந்தபோது கொம்பன் அங்கேயேதான் இருந்தது. இரண்டு பெண்மான்கள் மேல் அதற்கு மோகம், வேறு போக்கிடம் தோன்றவில்லை. நோரீன் விழுந்து கிடந்த மரத்தின் மேல் துப்பாக்கியை வைத்து, மூச்சைப் பாதி விட்டு, சுட்டாள். அது நாலு எட்டு நடந்து, பனி படிந்த புல்லில் மடங்கி விழுந்தது. அவள் அருகில் போய்க் கழுத்தில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்றாள். அதற்குப் பிறகு சடங்குக்கெல்லாம் நேரமில்லை.

இரண்டு பேர் அறுக்க, மூன்றாவது ஆள் அவர்களுக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து நிற்க வேண்டும். எங்கள் மலையில் அதுதான் முறை. நிற்கிறவன் கறியைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. கஸ் கையில் மிளகாய்த் தெளிப்போடு நின்றார். டெல்பர்ட்டும் நோரீனும் தோலை உரித்து, நாலு கால்களையும் தொடையோடு பிரித்து, முதுகுக் கறியை எடுத்து, குடலை அப்படியே விட்டுவிட்டுக் கறியைத் தள்ளி இழுத்து வந்தார்கள். கழுதைகள் மேல் இருபக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, கயிற்றை ஒரு முனை பல்லில், ஒரு முனை வலது கையில் வைத்து நோரீனே முடிச்சைப் போட்டாள். டெல்பர்ட் உதவிக்குக் கை நீட்டியபோது பல்லில் கயிறோடு அவள் உறுமினாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"மலையில இருக்கற கரடிங்க போதாதுன்னு இங்கயும் ஒண்ணு உறுமுது" என்றார் கஸ், திரும்பிப் பார்க்காமலே.

கீழே இறங்க இரண்டு வழி. ஓடையோரப் பாதை குட்டை ஊசியிலை மரங்களுக்கு நடுவே போகும், பொழுதோடு வீடு சேர்க்கும். மற்றது மேட்டு வழி. பாறைச் சரிவில் ஏறி, முகட்டில் சுற்றி இறங்க வேண்டும். சுமையோடு அது நாய்பாடு. மூன்று பேரும் ஓடைப் பாதையில்தான் வந்தார்கள். நோரீன் முன்னால், அவளுக்குப் பின்னால் கழுதைகளை இழுத்துக்கொண்டு டெல்பர்ட், கடைசியில் கஸ்.

"...பழைய தானியக் கொட்டகை. அப்புறம் க்ராஸ்லி..."

ஹேசல் நின்றது.

நோரீனின் வாய் நின்றுவிட்டது. முதலில் கையைப் பார்த்தாள். தொடைமேல் மல்லாந்து கிடந்தது. வார் முடிச்சோடு கழுத்தில் கிடந்தது. தொடையைப் பார்த்தாள், தளர்வாகத்தான் இருந்தது. மூச்சு போய்க்கொண்டுதான் இருந்தது. ஹேசலின் காது இரண்டும் முன்னால், குத்திட்டு, பாதை மரங்களுக்குள் வளைகிற இடத்தைப் பார்த்து நின்றன. தோல் சிலிர்த்தது.

"ஆச்சா" என்றான் டெல்பர்ட் பின்னாலிருந்து. குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "நின்னுட்டா."

"டெல், கையைப் பாரு. கடிவாளத்தைப் பாரு. இது நான் இல்ல. இது அவ."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் குதிரை ஒண்ணும் சொல்லலையே? கழுதைங்க ஒண்ணும் சொல்லலையே?"

"அதுங்க மூக்குல ரத்த வாசனைதான் இருக்கு. இவதான் முன்னால நிக்கறா."

கஸ் கைகளை வாயருகே குவித்து, "ஏய் கரடி! ஏய்!" என்று கத்தினார். எதிரொலி வந்தது. வேறு எதுவும் வரவில்லை. ஓடைச் சத்தம் மட்டும்.

டெல்பர்ட் இறங்கினான். துப்பாக்கியை உறையிலிருந்து உருவினான்.

"நான் நடந்து போய்ப் பாத்துட்டு வரேன். அந்த வளைவு வரைக்கும்தான்."

நோரீன் முட்டியால் ஹேசலைத் திருப்பி, பாதைக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

"அப்படித்தான் நானும் போனேன். வளைவு வரைக்கும்தான்னு."

"வழிய விடு."

"மாட்டேன். மேட்டு வழியில போறோம்."

"இந்தச் சுமையோடயா? இருட்டிரும் நோரீன். உன் கற்பனைக்கு எல்லாரும் கழுத்தை முறிச்சுக்கணுமா? அங்க ஒண்ணுமே இல்லன்னா?"

அவளுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. நேற்று முழுக்க ஓடையில் கற்றதெல்லாம் உண்மைதானா, இல்லை பயம் இப்போது இன்னும் தந்திரமாக வேறு எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறதா? மறுபடி கையைப் பார்த்தாள். விரல்கள் விரிந்திருந்தன.

"ஒண்ணும் இல்லன்னா ஞாயித்துக்கிழமை நானே அவள டிரெய்லர்ல ஏத்தறேன். என் கையால. அப்புறம் நானும் மலைக்கு வரல. போதுமா?"

டெல்பர்ட் அவளை அண்ணாந்து பார்த்தான். துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டுக் குதிரையில் ஏறினான்.

மேட்டு வழி சொன்னபடியே படுத்தி எடுத்தது. பாறைச் சரிவில் கழுதை ஒன்று மண்டியிட்டது, சுமை ஒருபக்கம் சரிந்தது, மறுபடி இறக்கி மறுபடி கட்டினார்கள். கஸ் தன் முட்டிகளைப் பெயர் சொல்லித் திட்டினார். நோரீன் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

முகட்டுக்கு வந்ததும் குதிரைகளை மூச்சு வாங்க விட்டார்கள். கீழே ஓடைப் பாதை நூல் மாதிரி தெரிந்தது. கஸ் துரப்பீனை எடுத்தார். கொஞ்ச நேரம் இடமும் வலமுமாகத் தேடினார். பிறகு கை அசையாமல் நின்றது.

"அடக் கடவுளே."

வளைவுக்கு அந்தப் பக்கம், பாதையின் மேலேயே, புதிதாக வாரிப் போட்ட மண்மேடு. மேட்டிலிருந்து ஒரு மான்கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு தாய்க் கரடி படுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு குட்டிகள் ஒன்றையொன்று கடித்து உருண்டுகொண்டிருந்தன. கஸ் அத்தனை சத்தம் போட்டும் அது எழுந்து போயிருக்கவில்லை. காத்திருந்திருக்கிறது.

டெல்பர்ட் துரப்பீனை வாங்கினான். நெடுநேரம் வைத்திருந்தான்.

"டெல், டிரெய்லர் எப்படியும் வருது" என்றார் கஸ். "உன் குதிரைய ஏத்தி அனுப்பிடு. அவ்வளவு பெரிய மூக்கை வச்சுக்கிட்டு என்ன பண்ணுதாம்?"

டெல்பர்ட் சிரிக்கவில்லை. துரப்பீனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்தான். கஸ்ஸுக்கு என்ன தோன்றியதோ, கழுதைகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார்.

"அன்னைக்கு," என்றான் டெல்பர்ட், "உன் தலைத்தோல ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும். நீ தூங்கிடக் கூடாதுன்னு பேசிக்கிட்டே இருந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இல்ல. என்ன பேசின?"

"ஒண்ணேதான். திரும்பத் திரும்ப. இனிமே உன்ன இந்த மலைக்கு விடமாட்டேன், விடமாட்டேன்னு." அவன் குரல் உடைந்தது. "ஹேசல் இல்லன்னா நீ வேற குதிரையில மலைக்கு வர மாட்டன்னு எனக்குத் தெரியும். அவ பாவம், ஒரு தப்பும் பண்ணல. டிரெய்லர் சொன்னது அவளுக்காக இல்ல நோரீன்."

நோரீனுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஒரு வருஷம்! ஒரு வாயில்லா ஜீவன் தலையில் அத்தனையும் போட்டுவிட்டு ஒரு வருஷம் முட்டை தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

"நேரா சொல்லியிருக்கலாம்ல, மடையா? பயமா இருக்குன்னு?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா? போகாம இருந்திருப்பியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

"தெரியும்" என்றான் அவன். "ஞாயித்துக்கிழமை டிரெய்லர் சும்மாவே திரும்பிப் போகட்டும்." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். நோரீன் ஹேசலை இறக்கத்தை நோக்கித் திருப்பினாள். டெல்பர்ட் தன் குதிரையில் ஏறி, அவளுக்குப் பின்னால் வந்தான்.